போசன் படித்த மூன்று வாக்கியங்கள்

குருவுக்கு வயது முப்பத்தொன்று. சீடருக்கு ஐம்பத்திரண்டு.

தூத்துக்குடியில் உப்பு லாரிகள் வரிசையாக நிற்கும் சாலையில், ஒரு பேட்டரிக் கடைக்கு மேலே, மாலை ஐந்தரை முதல் ஏழு வரை அந்தக் குருகுலம் நடந்தது. 'ஸ்போக்கன் இங்கிலீஷ், நாற்பத்தைந்தே நாளில்' என்று வாசலில் ஒரு பலகை. நாற்பத்தைந்து நாளில் யாரும் பேசிக் கிழித்ததாகத் தகவல் இல்லை. ஆனாலும் ஆட்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

ஆசிரியை பெயர் ஜுலைஹா. காயல்பட்டினத்துக்காரி. பேசக் கற்றுக்கொடுக்கிறவள் இவ்வளவு குறைவாகப் பேசுவாளா என்று முதல் வாரம் எல்லோருக்கும் சந்தேகம் வரும். கட்டிய பணம் வீணோ என்றுகூட சிலர் முணுமுணுப்பார்கள். இரண்டாவது வாரம் அந்த முணுமுணுப்பு நின்றுவிடும். அதற்குக் காரணம் அவள் கொடுக்கிற வீட்டுப்பாடம்.

அவளுடைய வகுப்பில் ஒரு வழக்கம் உண்டு. வாக்கியம் புத்தகத்திலிருந்து வரக்கூடாது, உங்கள் வாழ்க்கையிலிருந்து வர வேண்டும். அது யாரைப் பற்றியதோ, அவரிடம் நேரில் போய் அதைச் சொல்லிவிட்டு வர வேண்டும். அவர் என்ன சொன்னார் என்று மறுநாள் வகுப்பில் சொல்ல வேண்டும். வீட்டுப்பாடம் அவ்வளவுதான். எதற்கு இப்படி என்று அவள் யாருக்கும் விளக்கியதில்லை.

சீடர் இன்னாசி வாஸ். இருபத்தெட்டு வருஷம் சரக்குக் கப்பலில் போனவர். கடைசி ஒன்பது வருஷம் போசன். தளத்தில் வேலை செய்கிற மாலுமிகளுக்கெல்லாம் மேஸ்திரி போலத்தான் போசன். அவர் சொன்னால் கயிறு அவிழும், அவர் சொன்னால் ஆள் இறங்கும். அப்படிப்பட்டவர் இந்த வயதில் பிளாஸ்டிக் நாற்காலியில் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்திருந்தது ஆங்கிலத்தின் மேல் உள்ள ஆசையால் அல்ல. அவருக்குக் கீழே வேலை செய்த கிளாடியஸ் மிராண்டா என்பவன் கப்பலின் சரக்கறைக்குள் செத்துப்போயிருந்தான். ஐந்து வாரத்தில் சென்னையில் விசாரணை. அங்கே இன்னாசி வாய் திறந்து ஆங்கிலத்தில் பதில் சொல்லியாக வேண்டும்.

தமிழில் சொல்லக்கூடாதா என்று அவர் கம்பெனி வக்கீலிடம் கேட்டுப் பார்த்தார். வக்கீல் நல்ல மாதிரியாகத்தான் விளக்கினார். சரக்கறைக்குள் ஆள் இறங்குவதற்கு முன் காற்றைச் சோதித்ததாக ஒரு படிவம் நிரப்ப வேண்டும். படிவம் முழுக்க ஆங்கிலம். பதினொரு கட்டம். பதினொன்றிலும் இன்னாசி டிக் அடித்திருக்கிறார். ஆங்கிலம் தெரியாத ஆள் எதைப் படித்து டிக் அடித்தான் என்று அதிகாரி கேட்டால் என்ன சொல்வது? ஆகவே மூன்றே வாக்கியம் போதும், சுத்தமாகச் சொல்லுங்கள் என்று ஒரு தாளைக் கையில் கொடுத்து அனுப்பினார்.

அந்தத் தாளை இன்னாசி முதல் மூன்று வாரம் யாரிடமும் காட்டவில்லை. சட்டைப் பையிலேயே வைத்திருந்தார்.

அந்த மூன்று வாரமும் வகுப்பில் ஓடியது ஒரே பாடம். ஜுலைஹா கரும்பலகையில் குறுக்கே ஒரு கோடு போட்டு ஆறு வார்த்தைகளை வரிசையாக எழுதினாள். இடது ஓரத்தில் ஆல்வேஸ். வலது ஓரத்தில் நெவர். நடுவில் யூஷுவலி, ஆஃபன், சம்டைம்ஸ், ரேர்லி. எப்போதும் என்பதில் தொடங்கி, வழக்கமாக, அடிக்கடி, சில நேரம், எப்போதாவது என்று இறங்கி, ஒருபோதும் இல்லை என்பதில் முடிகிற வரிசை. நடந்து முடிந்ததைச் சொல்லும்போது இந்த ஆறில் ஒன்று வினைச்சொல்லுக்கு முன்னால் வந்து உட்கார வேண்டும். இதைப் புரிந்துகொள்ள ஒரு மணி நேரம் போதும். ஜுலைஹா மூன்று வாரம் எடுத்துக்கொண்டாள்.

சுங்க ஏஜென்சியில் குமாஸ்தாவாக இருந்த மாடசாமி, 'என் மனைவி அடிக்கடி கத்தினாள்' என்று எழுதி வீட்டுக்குக் கொண்டுபோனார். மறுநாள் 'எப்போதாவது' என்று திருத்திக்கொண்டு வந்தார். என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை.

இன்னாசி எழுதியது: ஐ ஆல்வேஸ் ரோட் டு மை வைஃப். கப்பலிலிருந்து மனைவிக்கு நான் எப்போதும் கடிதம் எழுதினேன். எழுதும்போதே அவருக்கு நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது. அன்று சாயங்காலமே மனைவி ரோஸ்லினிடம் சொல்லி அர்த்தமும் சொன்னார். அவள் மீனுக்கு உப்பு போட்டுக்கொண்டே கேட்டாள். கேட்டுவிட்டு, ஆமாம் எழுதினீர்கள், மகன் பிறந்த வருஷம் மட்டும் ஒன்றும் வரவில்லை என்றாள். குறையாகச் சொல்லவில்லை. ஞாபகம் வந்ததைத்தான் சொன்னாள்.

மறுநாள் வகுப்பில் இன்னாசி கொஞ்சம் வாதாடினார்.

"கல்யாணமாகி இருபது வருஷத்துல ஒரு வருஷந்தான் டீச்சர். ஆல்வேஸ்னே இருந்துட்டுப் போகட்டும்."

"நீங்க எத்தனை வருஷம் எழுதினீங்க?"

"பத்தொன்பது."

"அவங்க எத்தனை வருஷம் காத்துட்டு இருந்தாங்க?"

இன்னாசி பேனாவை எடுத்து ஆல்வேஸை அடித்தார். யூஷுவலி என்று எழுதினார். அவருக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு வார்த்தைக்கு இவ்வளவு கெடுபிடியா என்று மாடசாமியிடம் படிக்கட்டில் இறங்கும்போது சொன்னார். மாடசாமி தன் வீட்டை நினைத்துக்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

நான்காவது வாரம் திங்கட்கிழமை, எல்லோரும் போன பிறகு இன்னாசி சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்தார். நாள் நெருங்கிவிட்டது. வேறு வழியில்லை.

"இதை மட்டும் நல்லாச் சொல்லக் குடுத்தாப் போதும் டீச்சர்."

ஜுலைஹா வாங்கிப் படித்தாள்.

ஐ ஆல்வேஸ் டெஸ்டட் தி ஏர். நான் எப்போதும் காற்றைச் சோதித்தேன்.

ஹி ஆஃபன் வென்ட் டவுன் அலோன். அவன் அடிக்கடி தனியாக இறங்கினான்.

ஹி நெவர் லிசன்ட் டு மி. அவன் ஒருபோதும் என் பேச்சைக் கேட்டதில்லை.

"இலக்கணம் சரியா இருக்கு" என்றாள். "யார் எழுதினாங்க?"

"வக்கீல்."

அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. நாளையிலிருந்து அரை மணி நேரம் முன்னால் வரச் சொன்னாள்.

இன்னாசிக்கு அது நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். இல்லை. கேட்டிருந்தால் ஏதாவது சொல்லி மழுப்பியிருக்கலாம். கேட்காத ஆளிடம் எதை மழுப்புவது?

நடந்தது இதுதான். கப்பல் முழுக்க மரத்தடிகள். ஈர மரம் அடைத்துக் கிடக்கும் அறையில் காற்று இருக்கும், ஆனால் மூச்சுக்கு உதவாது. உயிர் காக்கிற ஆக்சிஜனை மரமே உறிஞ்சிவிடும். கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அதற்காகத்தான் ஒரு மீட்டர் உண்டு. கையகலம் இருக்கும், வாரில் மாட்டிக் குழாயை உள்ளே இறக்கினால் ஆபத்து இருந்தால் கத்தும். அது இன்னாசியின் ஸ்டோர் ரூமில் ஒரு கொக்கியில் தொங்கியது.

அந்தக் கப்பலில் ஒரு பழக்கம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பிரியாணி சாப்பிட்ட மயக்கத்தில், வரப்போகிற வாரத்துக்கான படிவங்களை அடுக்கிவைத்து மொத்தமாக டிக் அடித்துவிடுவார்கள். தேதி மட்டும் பிறகு. கட்டங்களில் என்ன எழுதியிருக்கிறது என்று இன்னாசிக்குத் தெரியாது. இந்த இடத்தில் டிக், அந்த இடத்தில் டிக் என்று கைக்குத்தான் தெரியும். கப்பலில் அவருக்கு மேலே இருக்கிற அதிகாரிக்கும் இது தெரியும். சரக்கறை மூடியை அரை மணி நேரம் திறந்து வைத்துக் காற்றாட விட்டால் போதும் என்பது எல்லோருடைய நம்பிக்கை. அதுவரை ஒன்றும் ஆகவில்லை, அதனால் நம்பிக்கை வளர்ந்துகொண்டே போனது.

அன்று விடாத மழை. மூடியைத் திறந்து வைக்க முடியவில்லை. கீழே ஒரு இரும்பு வளையம் விட்டுப்போயிருந்தது. கிளாடியஸை இன்னாசிதான் அனுப்பினார். அவன் ஏணியில் கால் வைத்துவிட்டு நின்றான்.

"அண்ணே, மீட்டரு?"

"அதெல்லாம் பாத்தாச்சுடே. ரெண்டு நிமிஷ வேலை. போயிட்டு வா."

"சரிண்ணே."

அவ்வளவுதான் பேச்சு. ஏணியின் அடியில் அவன் சுருண்டு கிடந்ததை மேலிருந்தே பார்க்க முடிந்தது. கையில் இரும்பு வளையம் இருந்தது. இன்னொருவன் பதறி இறங்கப் போனபோது இன்னாசி சட்டையைப் பிடித்து இழுத்தார். பிறகுதான் ஓடிப்போய் மீட்டரை எடுத்து வந்தார். மூடிவாயில் பிடித்ததுமே அது கத்த ஆரம்பித்தது. வெகுநேரம் அதை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

அன்றைய படிவத்தில் பதினொரு டிக்கும் ஞாயிற்றுக்கிழமையே விழுந்திருந்தன. காகிதம் சரியாக இருந்தது. காகிதம் சரியாக இருந்தால் தப்பு செத்தவனுடையதாகத்தான் இருக்க முடியும். சொல் பேச்சு கேட்காமல் தானாக இறங்கினான் என்று கம்பெனி எழுதியது. வக்கீலின் மூன்று வாக்கியமும் அதற்குத்தான். சொல்லாவிட்டால் இன்னாசியின் கப்பல் புத்தகம் ரத்தாகும். அந்தப் புத்தகம் இல்லாமல் எந்தக் கப்பலிலும் ஏற முடியாது. கப்பலைத் தவிர அவருக்கு வேறு வேலை தெரியாது.

செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் ஜுலைஹா அவருக்கு அந்த வாக்கியங்களை ஒழுங்காகச் சொல்லிக்கொடுத்தாள். எங்கே அழுத்துவது, எங்கே மூச்சு விடுவது, ஆல்வேஸில் கடைசி எழுத்தை விழுங்காமல் எப்படிச் சொல்வது. விசாரணை அதிகாரி மாதிரி எதிரே உட்கார்ந்து கேள்வியும் கேட்டாள். எப்போதும் சோதித்தீர்களா? அடிக்கடி சோதித்தீர்களா? சில நேரம்? எப்போதாவது? இன்னாசி ஒவ்வொன்றுக்கும் ஐ ஆல்வேஸ் டெஸ்டட் தி ஏர் என்றே பதில் சொன்னார். வியாழக்கிழமை நாக்கு வளைந்துகொடுத்தது. வெள்ளைக்காரனே வந்தாலும் குறை சொல்ல முடியாது என்று அவருக்கே தோன்றியது.

அன்று பஸ்ஸில் போகும்போது, கேட்காமலே அவர் மனசு கணக்குப் போட்டது. அந்தக் கப்பலில் இருந்த ஒன்பது மாதத்தில் சரக்கறைக்குள் ஆள் இறங்கியது நாற்பது தடவைக்கு மேல் இருக்கும். மீட்டர் கொக்கியை விட்டு இறங்கியது மூன்று தடவை. மூன்றும் துறைமுகத்தில் ஆய்வுக்கு ஆள் ஏறிய நாள். கரும்பலகைக் கோட்டில் அது எந்த இடம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பாடம் ஏறிவிட்டதே என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது. இறங்க வேண்டிய நிறுத்தத்தை விட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை ஜுலைஹா சொன்னாள்.

"நல்லாச் சொல்றீங்க அண்ணாச்சி. இனி வீட்டுப்பாடம்."

"எது?"

"மூணாவது வாக்கியம். யாரைப் பத்தினதோ, அவர்கிட்ட சொல்லிட்டு வாங்க."

"டீச்சர், அவன் செத்துட்டான்."

"தெரியும்."

இன்னாசி மறுநாள் காலை கல்லறைத் தோட்டத்துக்குப் போனார். கிளாடியஸின் குழிமேல் இன்னும் சிமெண்ட் பூசவில்லை. மண்மேட்டில் சிலுவை ஒன்று சாய்ந்திருந்தது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, வாக்கியத்தைச் சொன்னார். ஒரு தவறும் இல்லாமல் வந்தது. வந்த வேலை முடிந்தது என்று சிலுவையை நிமிர்த்தி நட்டுவிட்டுத் திரும்பினார். சாயங்காலம் போய்ச் சொன்னார்.

"சொல்லிட்டேன் டீச்சர். கல்லறையில."

"அவர் என்ன சொன்னார்?"

இன்னாசி அவளைப் பார்த்தார். கிண்டல் செய்கிறாளோ என்று முகத்தைத் தேடினார். அப்படி ஒன்றும் இல்லை.

"அவன் என்னத்தச் சொல்ல முடியும்?"

"அப்போ அவர் வீட்டுக்குப் போங்க."

"அவன் பொண்டாட்டிக்கு இங்கிலீஷே தெரியாதே டீச்சர்."

"தெரியாதுன்னா பயம் என்ன?"

அது சரிதானே என்று அவருக்குப் பட்டது. அதுதான் அவர் செய்த பிசகு. புரியாத காதில் சொன்னால் சொன்னதாகாது என்று நினைத்துவிட்டார். பதினொரு கட்டத்தைப் படிக்காமல் டிக் அடித்த கைக்குச் சொந்தக்காரர் அப்படித்தான் நினைப்பார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் பிறகு போனார். கிளாடியஸின் மனைவி பிலோமி தையல் மெஷினில் உட்கார்ந்து நைட்டிக்குக் கை மூட்டிக்கொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் எழுந்து நாற்காலியிலிருந்த துணிகளை அள்ளிக் கட்டிலில் போட்டாள். பிள்ளைகள் இரண்டும் மறைக்கல்வி வகுப்புக்குப் போயிருந்தன. நல்லவேளை என்று இன்னாசி நினைத்தார்.

டீ கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அவள் அழவில்லை. அழுகையெல்லாம் எப்போதோ முடிந்து இப்போது வேறு ஒரு கட்டத்துக்கு வந்திருந்தாள். விசாரணைக்குத் தன்னையும் வரச் சொல்லிக் கடிதம் வந்திருப்பதாகவும், திங்கட்கிழமை ராத்திரி ரயிலில் இடம் போட்டாகிவிட்டதாகவும் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் பெரியவனிடம் யாரோ, உங்கப்பா சொல் பேச்சு கேக்காமச் செத்தவருதானே என்று கேட்டுவிட்டானாம். அன்றிலிருந்து அவன் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறானாம்.

"கோயில்ல கூடக் கேக்காக அண்ணே. ஏன் சொல்லாம இறங்கினாருன்னு. நான் என்னத்தச் சொல்ல? வீட்டுல உப்பு வாங்கிட்டு வாங்கன்னு சொன்னாக்கூட, எந்தக் கடைன்னு கேட்டுட்டுப் போற ஆளு. அவுக சொல் பேச்சுக் கேக்காதவுகளா? நீங்க பாத்திருக்கியள்ல?"

இன்னாசி டீயைக் குடித்தார். நாக்கு சுட்டது.

சொல்லாமல் போய்விடலாம் என்று நினைத்தார். போனால் ஜுலைஹா மறுபடி அனுப்புவாள். இதற்காகத்தானே வந்தோம், புரியப்போகிறதா என்ன, ஒரு வரி, சொல்லிவிட்டு எழுந்துவிடலாம். தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஹி நெவர் லிசன்ட் டு மி."

பிலோமி மெஷினிலிருந்து கையை எடுத்தாள்.

"என்னண்ணே அது?"

"விசாரணையில சொல்லணும். இங்கிலீஷு. கிளாஸுக்குப் போயிப் படிக்கேன்."

"அவுகளப் பத்தியா?"

"ஆமா."

அவள் முகத்தில் ஒரு மாற்றம் வந்தது. கிளாடியஸ் போன இந்த ஐந்து மாதத்தில் அவள் முகத்தில் இன்னாசி அதைப் பார்த்ததில்லை. நன்றி என்று அதற்குப் பேர்.

"இந்த வயசுல அவுகளுக்காகப் படிக்கப் போறியளா அண்ணே" என்றாள். "இன்னொரு வாட்டி சொல்லுங்க."

இன்னாசி சொன்னார். ஏன் சொன்னார் என்று பிறகு எவ்வளவு யோசித்தும் அவருக்குப் பிடிபடவில்லை. அவள் கேட்டாள், வாய் சொல்லிவிட்டது.

அவள் அளவு எழுதுகிற நோட்டை எடுத்தாள். யாருடையதோ இடுப்பளவுக்கும் தோளளவுக்கும் கீழே, தமிழ் எழுத்தில் அந்த வாக்கியத்தை ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டாள். பிறகு படித்தாள். லிசன்ட் அவளுக்கு வரவில்லை. லிஸ்டன் என்றாள். இன்னாசி திருத்தினார். அதையும் செய்தார். அவள் மறுபடி சொன்னாள். நாலாவது தடவை சரியாக வந்தது. நெவரில் நிற்க வேண்டிய இடத்தில் நின்று, அழுத்த வேண்டிய இடத்தில் அழுத்திச் சொன்னாள்.

"ஹி நெவர் லிசன்ட் டு மி."

சுவரில் கிளாடியஸின் போட்டோ இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே ஒரு தடவை சொன்னாள்.

"என்னக் கேட்டாலும் நானும் இதையே சொல்லுதேன் அண்ணே. மத்ததெல்லாம் தமிழ்ல சொன்னாலும், இத மட்டும் அந்த அதிகாரிக பாஷையிலயே சொல்லுதேன். ரெண்டு பேரும் ஒண்ணுபோலச் சொன்னா நம்புவாகள்ல?"

இன்னாசி எழுந்தார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார். பெரியவனுக்கும் சொல்லிக்கொடுக்கப் போவதாக அவள் வாசல் வரை வந்து சொன்னாள். பள்ளிக்கூடத்தில் யாராவது கேட்டால் அவன் பதில் சொல்லட்டும் என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு கிடையாது. ஆனாலும் இன்னாசி நேரே பேட்டரிக் கடை மாடிக்குத்தான் போனார். ஜுலைஹா தனியாக உட்கார்ந்து நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். படியேறி வந்த மூச்சு அடங்குவதற்குள் அவர் பேச ஆரம்பித்துவிட்டார். இறங்கச் சொன்னதிலிருந்து, மீட்டர் கத்தியதிலிருந்து, அளவு நோட்டு வரை எல்லாம் வந்தது. இடையில் நிற்கவில்லை. சொல்லி முடித்தபோது அவர் நின்றுகொண்டுதான் இருந்தார். உட்காரச் சொல்ல அவளுக்கும் தோன்றவில்லை.

"உங்களாலதான் டீச்சர்" என்றார். "நான்பாட்டுக்குச் செவ்வாய்க்கிழமை போயிச் சொல்லிட்டு வந்திருப்பேன். நீங்கதான் அங்க அனுப்புனீங்க."

"ஆமா" என்றாள் ஜுலைஹா.

அவர் சண்டைக்குத் தயாராக வந்திருந்தார். ஆமா என்றதும் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"அந்தப் பிள்ளை தப்பே இல்லாமச் சொல்லுது டீச்சர். நான் ஒரு வாரமாப் படிச்சதை அது அரை மணி நேரத்துல படிச்சிட்டு. புருஷனப் பத்தி நல்லதுன்னு நினைச்சு, அதிகாரி முன்னால நின்னு, அவன் என் பேச்சை ஒருநாளும் கேட்டதில்லன்னு சொல்லப்போகுது. அந்தப் பயலும் பள்ளிக்கூடத்துல சொல்லப்போறான்."

ஜுலைஹா பேனாவை மூடிவைத்தாள்.

"வேற ஒண்ணு எழுதித் தாங்க. நான் போயி, அது தப்பாப் போச்சு, இதச் சொல்லும்மான்னு குடுத்துருதேன். நல்லதா ஒண்ணு. அவன் எப்பவும் பேச்சைக் கேட்டான்னு."

அவள் ஒரு தாளை எடுத்து எழுதி அவர் பக்கம் நகர்த்தினாள். ஹி ஆல்வேஸ் லிசன்ட் டு மி. இன்னாசி வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார்.

"இது சரியா இருக்கா?" என்று கேட்டாள்.

"சரியா இருக்கு."

"அவங்க இதைச் சொல்லட்டும். அப்புறம் உங்களைக் கூப்பிடுவாங்க. நீங்க என்ன சொல்வீங்க?"

கீழே கடையில் யாரோ பேட்டரியை இழுத்து வைக்கிற சத்தம் கேட்டது. அவன் எப்போதும் பேச்சைக் கேட்டான் என்றால், அன்றும் பேச்சைக் கேட்டுத்தான் இறங்கினான். பேச்சைக் கேட்டு இறங்கினான் என்றால், பேசியது யார்? இன்னாசி அந்தத் தாளைக் கையில் பிடித்துக்கொண்டு இதை ஒரு தடவை முன்னிருந்து பின்னும், ஒரு தடவை பின்னிருந்து முன்னும் போய்ப் பார்த்தார். எந்தப் பக்கம் போனாலும் ஏணியடியில்தான் வந்து நின்றது.

"புத்தகம் போயிரும் டீச்சர்."

அவள் பதில் சொல்லவில்லை.

"ஜெயில்கூட ஆகலாம்."

இல்லை, அப்படியெல்லாம் ஆகாது என்று ஒரு வார்த்தை சொல்வாள் என்று அவர் காத்திருந்தார். அவளுக்குத் தெரியாததை அவள் சொல்கிற வழக்கம் இல்லை. வெயில் ஜன்னலை விட்டு இறங்கித் தரைக்கு வந்தது.

கடைசியில் இன்னாசி மேசைமேல் இருந்த பேனாவை எடுத்தார். வக்கீல் கொடுத்த தாளை விரித்து, மூன்று வாக்கியத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக அடித்தார்.

"அதிகாரிகிட்ட சொல்றத செவ்வாய்க்கிழமை பாத்துக்கிடுதேன்" என்றார். "முதல்ல அந்தப் பிள்ளைகிட்ட சொல்லணும். இன்னைக்கே சொல்லணும், பையன் வந்து படிக்கிறதுக்குள்ள. எப்படி ஆரம்பிக்க டீச்சர்? எந்த வார்த்தைய முதல்ல போட?"

"தமிழ்ல சொல்லுங்க அண்ணாச்சி" என்றாள் ஜுலைஹா.